டாரட் அட்டைகளில் நெருப்பும் நீரும் அடுத்தடுத்து வந்தால்?

கேள்வி (உப்புவெளி வாசகி):
பலன் பார்க்க மூன்று டாரட் அட்டைகளை வரிசையாக வைத்த விரிப்பில், நீருக்குரிய கிண்ணம் 2 நடுவிலும், நெருப்புக்குரிய கோல் 8, காற்றுக்குரிய வாள் 5 ஆகியவை இருபுறமும் வந்தன. நடு அட்டையின் பலன் குறையுமா?

மறுமொழி 1:
ஆம், குறையும். 1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற மறைஞான அமைப்பின் முறைப்படி, நெருப்புக்குக் காற்றும் நீருக்கு நிலமும் நட்பு. நெருப்புக்கு நீரும் காற்றுக்கு நிலமும் பகை. ஏனைய இணைகள் ஓரளவு இணக்கமானவை. உங்கள் விரிப்பில் காற்று நெருப்பை வளர்ப்பதால், நீர் அட்டை சொல்லும் இருவரின் நெருக்கம் அவசரத்திலும் வாக்குவாதத்திலும் மங்குவதாக நான் வாசிப்பேன். நடு அட்டைக்கு இருபுறமும் வருபவை தம்முள் பகையாக இருந்தால் ஒன்றையொன்று தடுத்துவிடும். அப்போது நடு அட்டை பெரிதாகப் பாதிக்கப்படாது.

மறுமொழி 2:
பகை என்றாலே கெடுதி என்று கொள்ளாதீர்கள். நம் திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நெருப்பின் குணமும் நீரும் ஒன்றாகத்தானே இருக்கின்றன! பகை அட்டைகள் ஒன்றையொன்று வலுவிழக்கச் செய்கின்றன. நல்ல அட்டையின் நன்மை குறைவதைப் போலவே தீய அட்டையின் தீமையும் குறைகிறது.

உப்புவெளி வாசகி:
நன்றி ஐயா. நமது பஞ்சபூதங்களில் ஐந்தாவதான ஆகாயத்துக்கு இங்கே இடமில்லையா?

மறுமொழி 1:
கோல், கிண்ணம், வாள், நாணயம் என்ற நான்கு சின்னங்களில் இல்லை, தங்கச்சி. நிலத்தை நாணயம் ஏற்கிறது. ஆகாயத்துக்குத் தனிச் சின்னம் கிடையாது.