அம்மாவின் கார்டில் ஒருமுறை ஆஸ்துமா, ஒருமுறை சிஓபிடி: பிரட்னிசலோனை இன்றே நிறுத்தலாமா?

கேள்வி (தலவாக்கலை பக்கம்)

அம்மாவுக்கு 63 வயது. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். பீடி, சிகரெட் தொட்டதே இல்லை. ஆனால் லயத்துக் குசினியில் ஈர விறகை ஊதி ஊதியே காலம் போனது. கூரைத் தகரம் இன்றைக்கும் கரி பிடித்துக் கிடக்கிறது. குளிர் கூடும் மாதங்களில் இழுப்பு வந்துவிடும்.

போன வருசம் வார்டிலிருந்து வந்தபோது கார்டில் ஆஸ்துமா, நோய்க் கோட் ஜே45.9 என்று இருந்தது. இந்த மாதம் சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய்), ஜே44.1. மருந்து இரண்டு தடவையும் ஒன்றுதான்: பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட், 5 மில்லிகிராம் மாத்திரை, காலையில் எட்டு, 5 நாளைக்கு. "இதைப் போட்டால்தான் நெஞ்சு திறக்குது" என்று அம்மா அதில் மிச்சம் பிடித்து, சேலைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். மூச்சு முட்டும்போதெல்லாம் இரண்டு போடுகிறார். கடையிலும் வாங்கியிருக்கிறார். நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. உண்மையில் எந்த நோய்? மாத்திரையைப் பிடுங்கி எறியவா?

பதில் (வார்ட் தாதி, பதுளை)

தங்கச்சி, எறிந்துவிடாதீர்கள். எத்தனை நாளாக, எவ்வளவு போட்டார் என்று முதலில் கேட்டு எழுதுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டாலோ, அடிக்கடி விட்டுவிட்டுப் போட்டாலோ, உடம்பு தன் சொந்த ஸ்டீரொயிட்டைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். அப்போது சட்டென்று நிறுத்தினால் வாந்தி, தலைச்சுற்று, பிரஷர் இறங்குவது எல்லாம் வரலாம். டொக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாளைக்கே அந்த முடிச்சோடு கிளினிக்குக் கூட்டிப் போங்கள். சீனியும் பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணையும் மறக்க வேண்டாம். உதடு நீலம் பாரித்தாலோ, ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, தூங்கி விழுந்தாலோ கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரி.

பதில் (ஆஸ்பத்திரிப் பதிவுப் பிரிவு)

டிக்கட்டுகளுக்கு (வார்டில் டொக்டர் நோயை எழுதும் தாள்) நோய்க் கோட் போடுவதுதான் என் வேலை. நோய் என்ன என்று நாங்கள் தீர்மானிப்பதில்லை, டொக்டர் எழுதியதற்குத்தான் கோட் போடுகிறோம். ஆஸ்துமா என்று மட்டும் எழுதியிருந்தால் ஜே45.9. சிஓபிடி திடீரெனக் கூடியது என்றால் ஜே44.1, அதோடு நெஞ்சுத் தொற்று இருந்தால் ஜே44.0. வெறும் வீசிங் (இழுப்பு) என்றால் ஆர்06.2. ஸ்டீரொயிட் கொடுத்ததை வைத்து எதையும் ஊகிக்க முடியாது, இரண்டு நோய்க்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள். நடுவில் சாய்கோடு போட்டு இரண்டையும் எழுதிய டிக்கட் வந்தால் நான் அதைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கே போய்க் கேட்பேன். அடுத்த தடவை பார்க்கிற டொக்டர் கார்டைத்தானே நம்புவார்!

பதில் (மருத்துவர், கண்டி)

அம்மாவுக்கு ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளக்கும் சோதனை) செய்தார்களா? மூச்சுக்குழலை விரிக்கும் சல்பியூட்டமோல் கொடுத்த பிறகும் எப்இவி1 (முதல் நொடியில் ஊதும் காற்று), எப்விசி (முழுதாக ஊதும் காற்று) விகிதம் 0.7க்குக் கீழே நின்றால்தான் சிஓபிடி என்று சொல்லலாம். புகைக்காதவர் என்பதால் ஆஸ்துமா என்று எழுதியிருக்கலாம், ஆனால் விறகுப் புகையும் சிஓபிடியைக் கொண்டுவரும்.

இந்த வித்தியாசம் முக்கியம். ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட்தான் அடிப்படை, அதை விட்டால் ஆபத்து. சிஓபிடிக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் மூச்சுக்குழல் விரிப்பிகள் முதலில். அடிக்கடி கூடுகிறவருக்கு, இரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளையணு மைக்ரோலீட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட் நல்ல பலன் தரும். 100க்குக் கீழே என்றால் பலன் குறைவு, நிமோனியா பயம் கூட. பிரட்னிசலோன் இந்த எண்ணிக்கையை இறக்கிவிடும், எனவே கடைசியாக எப்போது போட்டார் என்று கட்டாயம் சொல்லுங்கள். 40 மில்லிகிராம் 5 நாள் என்பது சிஓபிடி கூடும் நேரத்துக்குப் போதுமான அளவு. 2013இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்விலும் 14 நாள் கொடுத்தவர்களைவிட 5 நாள் கொடுத்தவர்கள் மோசமாகவில்லை. நாள்தோறும் இரண்டு போடுவது வேறு கதை.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அம்மாவோடு உட்கார்ந்து எண்ணினோம். ஏழு வாரமாகக் கிட்டத்தட்ட தினமும் போட்டிருக்கிறார். கிளினிக்கில் முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். டொக்டர் திட்டவில்லை, கொப்பியில் குறைக்கும் அட்டவணை எழுதித் தந்தார். சீனி கூடித்தான் இருக்கிறது. ஸ்பைரோமெட்ரிக்கு அடுத்த மாதம் தேதி கிடைத்திருக்கிறது. அதுவரை விறகு அடுப்புப் பக்கம் அம்மாவை விடுவதில்லை, சமையல் நானும் தம்பியும்.