டேபிள் செல்லுக்குத் தனி சப்கிளாஸ் தேவையா?

அரைடிக்கெட்: மளிகைக் கடை ஐபோன் ஆப் ஒன்று, யூஐகிட்டில் (திரைகளை அமைக்க ஆப்பிளின் பழைய நூலகம்). ஒவ்வொரு வரியிலும் படம், பெயர், விலை, எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்க ஸ்டெப்பர். டீம் லீட் பட்டியலின் ஒரு வரிக்கான கிளாஸான யூஐடேபிள்வியூசெல்லை சப்கிளாஸ் செய்து, அதன்மேல் சொந்தக் கிளாஸ் எழுதச் சொல்கிறார். நாலு வியூவுக்குத் தனி கிளாஸா? ஒவ்வொரு வரிக்கும் செல்லைத் தரும் செல்ஃபார்ரோவிலேயே ஆட்சப்வியூ போட்டு வியூக்களைச் சேர்த்தால் போதாதா?

மக்ரூன்: போதாது. திரையை விட்டுப் போன செல்லே கீழே திரும்பி வரும். நீங்கள் அதன்மேல் இன்னொரு லேபிள் ஒட்டுவீர்கள். கொஞ்சம் ஸ்க்ரோல் செய்து பாருங்கள், துவரம் பருப்பின் மேல் உளுந்து ஏறி, இரண்டையும் படிக்க முடியாது. சப்கிளாஸில் வியூக்கள் இனிட்டில், அதாவது செல் பிறக்கும்போது, ஒரே தடவை உருவாகும், அப்புறம் மதிப்பு மட்டும்தான் மாறும்.

அரைடிக்கெட்: ஒவ்வொரு வியூவுக்கும் டேக் எண் கொடுத்து, செல்லில் ஏற்கெனவே இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாமே?

மக்ரூன்: 101 விலையா, பெயரா? எண் தப்பினால் நில் (வெற்று மதிப்பு) வரும், கம்பைலர் வாயே திறக்காது.

நள்ளிரவு_பில்ட்: டேக் வேண்டாம், சரி. ஆனால் எதற்கெடுத்தாலும் சப்கிளாஸா? 2020இல் ஐஓஎஸ் 14லேயே, செல்லில் என்ன காட்ட வேண்டும் என்று விவரிக்கும் கன்டென்ட் கான்ஃபிகரேஷன் வந்துவிட்டது. ஐஓஎஸ் 16 முதல் யூஐஹோஸ்டிங்கான்ஃபிகரேஷன் இருக்கிறது, வரி முழுவதையும் ஸ்விஃப்ட்யூஐயில் (ஆப்பிளின் புதிய திரை நூலகம்) எழுதிச் செல்லுக்குள் வைக்கலாம், ஸ்டெப்பர் உட்பட.

மக்ரூன்: செட்டிங்ஸ் பக்கத்துக்கு அது அழகு. இங்கே படம் நெட்டிலிருந்து வருகிறது. வேகமாகத் தள்ளினால் பழைய டவுன்லோட் லேட்டாக முடிந்து, பருப்பு வரியில் சோப்புப் படம் வந்து உட்காரும். அந்த டாஸ்க்கைப் பிடித்து வைத்து, செல் மறுபடி பயன்படும் முன் ஓடும் ப்ரிப்பேர்ஃபார்ரீயூஸில் கேன்சல் செய்ய சப்கிளாஸ்தான் இடம்.

நள்ளிரவு_பில்ட்: ஸ்விஃப்ட்யூஐ டாஸ்க்குக்கு ஐடி கொடுங்கள், ஐடி மாறினால் பழையது தானே ரத்தாகும். பலர் ப்ரிப்பேர்ஃபார்ரீயூஸில் டெக்ஸ்டையெல்லாம் காலி செய்கிறார்கள். உள்ளடக்கம் சாராத ஆல்ஃபா, செலக்ஷன் போன்றவற்றை மட்டும் அங்கே மீட்டமைக்கச் சொல்கிறது ஆப்பிள் ஆவணம்.

மக்ரூன்: கேன்சல் செய்வது உள்ளடக்கம் ஆகாதே. அரைடிக்கெட், ஸ்டெப்பருக்கு வரிசை எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். நடுவில் ஒரு வரி நீக்கப்பட்டால் எண் எல்லாம் நகர்ந்து, வேறு பொருளின் அளவு கூடும். பொருளின் ஐடியோடு ஒரு குளோஷர் (தட்டும்போது ஓடும் சிறு கோட் துண்டு) போதும். வியூக்களின் இடத்தையும் அளவையும் தீர்மானிக்கும் கன்ஸ்ட்ரெயின்ட் எல்லாம் செல்லின் கன்டென்ட்வியூவோடு, மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் இருக்கட்டும். இல்லையென்றால் உயரம் தானாக அமையாது.

அரைடிக்கெட்: கடைப் பையன்கள் கையில் ஐபோன் 7 இருக்கிறது. ஐஓஎஸ் 15தான் எல்லை.

நள்ளிரவு_பில்ட்: அப்போ ஹோஸ்டிங் போச்சு. ஆனாலும் கன்டென்ட் கான்ஃபிகரேஷனைத் திரையில் காட்டும் யூஐகன்டென்ட்வியூ ஒன்றைச் சொந்தமாக எழுதுங்கள், நாளை கட்டம் கட்டமாகவும் அடுக்கும் கலெக்ஷன்வியூவுக்கு மாறினாலும் அப்படியே உதவும்.

மக்ரூன்: அதுவும் ஒரு தனி கிளாஸ்தானே, தலைவா!