ஸ்டார்ட்அப் ஃபைலில் இரண்டு சிம்பலைக் கழித்து 4ஆல் வகுத்தால் எர்ரர். என்ன வழிங்க?

பீளமேடு_போர்டு:
வணக்கமுங்க. மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டு, கார்டெக்ஸ் எம்0 (ஆர்ம் சிப்), குனூ அசெம்பிளர் (அசெம்பிளி கோடை ஆப்ஜெக்ட் ஃபைலா மாத்தறது). டேட்டாவை ஃப்ளாஷில் இருந்து ராமுக்குக் காப்பி பண்ண எத்தனை வேர்டுன்னு இப்படிப் போட்டிருக்கேன் (பெயரெல்லாம் இங்கே தமிழில்):

.வேர்ட் (டேட்டா_முடிவு - டேட்டா_தொடக்கம்) / 4

ரெண்டு சிம்பலும் (முகவரிக்கு வெச்ச பெயர்) லிங்கர் ஸ்கிரிப்டில் இருந்து வருது, அதாவது ஆப்ஜெக்ட் ஃபைல்களைச் சேர்த்து முகவரி கொடுக்கற லிங்கருக்கான ஃபைலில் இருந்து. "இன்வேலிட் ஆபரண்ட்ஸ்"ங்குது. அதே ஃபைலில் (டேபிள்_முடிவு - டேபிள்) / 4 மட்டும் பேசாமப் போயிருது. ஒரே கணக்குதானுங்களே?

நொய்யல்_பிட்:
கணக்கு ஒண்ணுதானுங்க, போடற ஆள்தான் வேற. டேபிளோட ரெண்டு லேபிளும் ஒரே செக்ஷன் (சேர்ந்தே நகரற கோட் அல்லது டேட்டா துண்டு), ஒரே ஃபைல். செக்ஷன் எங்கே போய் உட்கார்ந்தாலும் இடைவெளி மாறாது, அதனால அசெம்பிளரே கழிச்சு வகுத்து வெறும் எண்ணா எழுதிடும்.

டேட்டா_முடிவு அதுக்குத் தெரியவே தெரியாது. லிங்கருக்கு ரீலொகேஷன்னு ஒரு சீட்டு எழுதி வைக்கலாம், அவ்வளவுதான். ஆர்மில் 32 பிட் வேர்டுக்கான சீட்டு ஆப்ஸ்32: ஒரு சிம்பலோட மதிப்பு, அதோட ஒரு மாறிலியைக் கூட்டு (ஆர்மோட சுருக்க இன்ஸ்ட்ரக்ஷன் வகையான தம்ப்பில் எழுதின ஃபங்ஷனா இருந்தா கடைசி பிட் 1). ரெண்டாவது சிம்பலுக்கு அதில் கட்டமே இல்லை, வகுத்தலுக்கும் இல்லை.

கழித்தலே கூடாதுன்னும் இல்லீங்க. ".வேர்ட் வெளி_சிம்பல் - ." போகும். புள்ளின்னா இப்போ நிற்கிற இடம், அங்கிருந்து சிம்பல் எவ்வளவு தூரம்னு போட ரெல்32ன்னு தனிச் சீட்டு இருக்கு.

உங்க கணக்கை லிங்கர் ஸ்கிரிப்டுக்கே தள்ளுங்க:

டேட்டா_வேர்டு = (டேட்டா_முடிவு - டேட்டா_தொடக்கம்) / 4;

ஸ்டார்ட்அப்பில் ".வேர்ட் டேட்டா_வேர்டு" போதும். அந்த வரியை .டேட்டா அடைப்புக்குள்ள வெக்காதீங்க. உள்ள வெச்சா அந்த எண்ணை செக்ஷன் தொடக்கத்தில் இருந்து இத்தனாவது பைட்டுன்னு எடுத்துக்கும். 25ன்னு எதிர்பார்த்த இடத்தில் 0எக்ஸ்20000019 நிற்கும், காப்பி லூப் ராமைத் தாண்டிப் போய் ஹார்ட்ஃபால்ட்தான் (சிப் எர்ரரில் நின்னுடும்).

பவானிக்கரை:
ஏனுங்க, எண்ணிக்கையே எதுக்கு? ரெஜிஸ்டர் ஆர்0ல ஃப்ளாஷ் முகவரி, ஆர்1ல தொடக்கம், ஆர்2ல முடிவு. மூணையும் "எல்டிஆர் ஆர்1, =டேட்டா_தொடக்கம்" மாதிரி ஏத்துங்க, ஒவ்வொண்ணும் சாதா ஆப்ஸ்32. லூப் தலையில் ஆர்1ஐ ஆர்2வோட கம்பேர் பண்ணி, சமமோ பெருசோன்னா வெளியே. "சமமில்லைன்னா சுத்து"ன்னு எழுதினா முடிவு 4ஆல் வகுபடாத அன்னைக்கு நிற்காம ஓடும். எனக்குக் கேட்டா இதுதான் சுத்தமான வழி.

வகுத்தே ஆகணும்னா லிங்கர் ஸ்கிரிப்டில் முடிவு சிம்பலுக்கு முந்தின வரியில் ". = அலைன்(4);" வேணும், அது முடிவை 4ஆல் வகுபடற இடத்துக்கு நகர்த்தும். 10 பைட் டேட்டாவை 4ஆல் வகுத்தா 2தான், கடைசி ரெண்டு பைட் காப்பி ஆகாது. எர்ரரும் வராது. ஏதோ ஒரு வேரியபிள் மட்டும் குப்பையோட எழுந்திருக்கும், தேடித் தேடி ஓஞ்சு போவீங்க.

பீளமேடு_போர்டு:
ரெண்டு முகவரி வழியே ஓடுதுங்ண்ணா, நன்றி. இன்னொண்ணு: ரிஸ்க்-ஃபைவ் (ஆர்ம் இல்லாத வேற ப்ராசஸர் வகை) போர்டில் ஒரே ஃபைலில் இருக்கிற ரெண்டு கோட் லேபிளைக் கழிச்சு .வேர்ட் போட்டேன். ஆப்ஜெக்ட் ஃபைலில் 0ன்னு காட்டுது. அங்கே இடைவெளி தெரியணுமில்லீங்களா?

நொய்யல்_பிட்:
அங்கே தெரியாதுங்க. ரிஸ்க்-ஃபைவில் லிங்கர் ரிலாக்ஸ் பண்ணும், அதாவது கோடைச் சுருக்கும். ஃபங்ஷனைக் கூப்பிடற 8 பைட் இன்ஸ்ட்ரக்ஷன் ஜோடியை எட்டற தூரம்னா 4 பைட்டாச் சுருக்கிடும், நடுவில் இருக்கிற இடைவெளியும் அதோட சுருங்கும். அதனால அசெம்பிளர் எண் எழுதாம ஒரே இடத்துக்கு ஆட்32 (கூட்டு), சப்32ன்னு (கழி) ரெண்டு சீட்டா எழுதும். ஆப்ஜெக்ட் ஃபைலைப் பிரிச்சுக் காட்டற ரீட்எல்ஃபை "-ஆர்" போட்டு ஓட்டுங்க, ரெண்டும் ஒரே ஆஃப்செட்டில் அடுத்தடுத்து நிற்கும். லிங்க் ஆன எல்ஃப் ஃபைலில் பாருங்க, சரியான எண் இருக்கும். அதை 4ஆல் வகுக்கறதை மட்டும் .வேர்ட் வரியில் எழுதாதீங்க, எடுத்துப் படிக்கிற இடத்தில் ரெண்டு பிட் வலப்பக்கம் ஷிஃப்ட் பண்ணிக்கங்க.