சர்வீஸ் ரோடு முடிகிற இடத்தில் சைக்கிள் எங்கே போகும்? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி அனுபவங்கள்

சிப்காட்_ஷிப்ட்:

ஓசூர்ப் பக்கம் 44-ம் நம்பர் ஹைவேயில் சர்வீஸ் ரோடு எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வர்றேன். சாயங்காலம், ஷிப்ட் விடுகிற நேரம். ஒரு கல்வெர்ட்டுக்கு, அதாவது ஓடை மேல போட்ட சின்னப் பாலத்துக்கு முன்னாடி சர்வீஸ் ரோடு அப்படியே நின்னுபோகுது. பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு, அரசு கொடுத்த சைக்கிள், எதிர்த்திசையில வருது. அந்த இடத்துல இறங்கி, தான் கைப்பிடிச் சுவரோட ஒட்டி நின்னு, சைக்கிளைத் தனக்கும் லாரிக்கும் நடுவுல வச்சுத் தள்ளிக்கிட்டே தாண்டுது. சுவருக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவுல ரெண்டு முழம் இருந்தா அதிகம். கன்டெய்னர் லாரி கடக்குறப்ப ஹேண்டில்பார் ஆடினது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

எதிர்த்திசையில வர்றாங்கன்னு திட்டிப் பலன் இல்ல. ரோட்டைக் கடக்கிற அடுத்த இடம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தா, போக வர 3 கி.மீ. சைக்கிளுக்கு அது 12 நிமிஷம். யாரா இருந்தாலும் எதிர்லதான் வருவாங்க.

கல்வெர்ட்ல ஏன் நிக்குதுன்னா, ரோடு எஸ்டிமேட் கிலோமீட்டர் கணக்குல போகுது. கல்வெர்ட்டை அகலப்படுத்தணும்னா நீரோட்டக் கணக்கு, தனி டிசைன், தனி ஒப்புதல் வேணும். அதனால ரெண்டு பக்கமும் சர்வீஸ் ரோட்டைப் போட்டுட்டு நடுவுல விட்டுடறாங்க. லாரி போகிற அளவுக்கு அகலப்படுத்தணும்னு அவசியமே இல்ல. பக்கத்துலயே சைக்கிளுக்கும் நடக்கிறவங்களுக்கும் 3 மீட்டர் அகலத்துல தனியா ஒரு சின்னப் பாலம் போட்டா போதும். நீங்க இது மாதிரி எங்கெல்லாம் பார்த்தீங்க, சொல்லுங்க.


எண்ணிக்கை_அட்டை:

அந்தப் பொண்ணு எந்தக் கணக்கெடுப்புலயும் வராது. பாகலூர் ரோடு பக்கம் ஒரு சந்திப்புல வாகனக் கணக்கெடுப்பு. புளியமரத்தடியில ஸ்டூல் போட்டு ஒரு பையன் அட்டையில கோடு போட்டுக்கிட்டு இருக்கான். முகம் மெயின் ரோட்டைப் பார்த்து, சர்வீஸ் ரோடு முதுகுப்பக்கம். அட்டையில சைக்கிளுக்கான கட்டம் காலி. அவன் முதுகுக்குப் பின்னாடி மூணு சைக்கிள் வரிசையா போகுது.

இதோட விளைவு பெருசு. எண்ணின வாகனத்தை எல்லாம் கார் கணக்குக்கு, அதாவது ஒவ்வொண்ணும் எத்தனை காருக்குச் சமம்னு மாத்துவாங்க. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் நகரச் சாலைகளுக்குப் போட்ட ஐ.ஆர்.சி. 106 விதிப்படி காருக்கு 1, சைக்கிளுக்கு அரை வரைக்கும், பைக்குக்கு 0.5-லருந்து 0.75, பஸ்ஸுக்கு 2.2-லருந்து 3.7. நூறு பேர் ஆளுக்கு ஒரு பைக்குல போனா 50-லருந்து 75 கார் கணக்கு. அதே நூறு பேர் ரெண்டு டவுன் பஸ்ஸுல போனா 8-ஐக் கூடத் தொடாது. ஆனா ரிப்போர்ட்டுல மொத்தக் கார் கணக்கு மட்டும்தான் வரும். அதை வச்சு 'ரோடு நிரம்பிடுச்சு, அகலப்படுத்தணும்'னு முடிவு பண்ணிடுவாங்க. எத்தனை பேர் போனாங்கன்னு யாரும் கேக்கறதில்ல.

கணக்கெடுப்பு கேக்குறவங்க இதை எழுத்துல கேளுங்க. காலைல 8 மணிக்கு ஆரம்பிச்சா முதல் ஷிப்ட் போயே முடிஞ்சிருக்கும். 5 மணிலருந்து ராத்திரி 10 வரைக்கும், பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கட்டம்னு எடுக்கணும். வாகனத்தோட உள்ள இருக்கிற ஆளையும் எண்ணணும், ஷேர் ஆட்டோவுக்கு இது ரொம்ப முக்கியம். சந்தை நாளைத் தனியா ஒரு நாள் எடுக்கணும், சராசரியில கலக்கக் கூடாது. ரோட்டைக் கடக்கிறவங்களை ஜீப்ரா கோட்டுல மட்டும் எண்ணாம, 200 மீட்டர் நீளத்துக்கும் எண்ணணும். ஜனங்க எங்கே கடக்கிறாங்களோ அங்கேதான் கிராசிங் வரணும்.


இலக்கியம்பட்டி_டவுன்பஸ்:

நம்ம தருமபுரிக்கு வாங்க. பென்னாகரம் ரோட்டுல ஒரு ஸ்டாப். ஸ்டாப் வாயில ரெண்டு ஷேர் ஆட்டோ, பக்கத்துல உடைஞ்ச டிச்சு ஸ்லாப். பஸ் நடுரோட்டுலயே நிக்குது. பூ மூட்டையோட ஒரு அம்மா இறங்கணும். முதல்ல மூட்டையைக் கீழே போட்டுட்டு, கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சு, பின்பக்கமா திரும்பி, ஏணியில இறங்குற மாதிரி இறங்குனாங்க. கால் தரையைத் தொட ரெண்டு தடவை தேடுச்சு. பின்னாடி பைக்காரங்க இடது பக்கமா புகுந்து வர்றாங்க.

பஸ்ஸோட முதல் படியே ஏறக்குறைய 40 செ.மீ. உயரம். பழைய தாரைச் சுரண்டாம மேலயே 4 செ.மீ., 4 செ.மீ.னு போட்டுக்கிட்டே போனா, மூணாவது தடவைல ரோடு ஓரத்தை விட 12 செ.மீ. உயர்ந்துடும். இறங்குறவங்களுக்கு அதுவும் சேர்ந்து பள்ளம். 2021 மே மாசத்துலருந்து சாதாரண டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதனால இந்த ஸ்டாப்புல நிக்கிறவங்கள்ல பெரும்பகுதி அவங்கதான்.

இதுக்கு பஸ் பே வெட்டுவாங்க, அதாவது பஸ் ஒதுங்கி நிக்க ரோட்டோரத்துல உள்வாங்கின இடம். வெட்டின மறுவாரமே அது ஆட்டோ ஸ்டாண்டு ஆயிடும். உள்ள போன பஸ்ஸை வெளிய வர யாரும் விடமாட்டாங்கன்னு டிரைவர் உள்ளயே போகமாட்டார். அதுக்கு நேர்மாறா பண்ணணும். நடைபாதையை ரோட்டுக்குள்ள 2 மீட்டர் நீட்டி, 15 மீட்டர் நீளத்துல, 15 செ.மீ. உயரத்துல மேடை. பஸ் தன் லேன்லயே நிக்கும், படிக்கும் மேடைக்கும் வித்தியாசம் 25 செ.மீ. ஆகிடும். ஸ்டாப் சந்திப்பைத் தாண்டின பிறகு வரணும், அதுக்கு முன்னாடி வந்தா இடதுபக்கம் திரும்புற வண்டி எல்லாம் பஸ்ஸுக்குப் பின்னாடி அடைச்சுக்கும்.


டேப்_30மீ:

மேலே சொன்னதில் இரண்டு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

இலக்கியம்பட்டி நண்பரே, பஸ் பே வேண்டாம் என்பது பென்னாகரம் ரோட்டுக்குப் பொருந்தும். சூளகிரியிலோ தொப்பூர்ப் பக்கமோ வண்டிகள் 80 கி.மீ. வேகத்தில் வரும் ஹைவேயில் லேனிலேயே பஸ்ஸை நிறுத்தினால் பின்னால் வரும் லாரி நேராக ஏறிவிடும். அங்கே பே கட்டாயம். அதுவும் சர்வீஸ் ரோட்டில் வைத்து, மெயின் ரோட்டிலிருந்து மீடியனால் பிரிக்க வேண்டும்.

ஷிப்ட் நண்பருக்கு: பாலத்தில் சைக்கிள் இரண்டு திசையிலும் போகும் என்றால், பாலத்தின் இரு முனையிலும் அது இரு திசைப் பாதையாகத்தான் தொடர முடியும். ஆபத்து அங்கேதான். பேரண்டப்பள்ளிப் பக்கம் ஒரு கிளைச் சாலையின் வாயில் கார் ஒன்று வலதுபக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தது. இடதுபக்கத்திலிருந்து வந்த சைக்கிளின் முன்சக்கரம் பம்பரில் உரசி நின்றது. ஓட்டியவர் மேல் மட்டும் பழி போட முடியாது, அந்தத் திசையிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்றுதான் அந்தச் சாலையின் அமைப்பே அவருக்குச் சொல்கிறது.

ஆகவே ஒவ்வொரு கிளைச் சாலை வாயிலும் பாதை கீழே இறங்கக் கூடாது, கார்தான் மேலே ஏற வேண்டும். 10 செ.மீ. உயர மேடை, மேலே சமதளம், இரு பக்கமும் சரிவு. திருப்பத்தின் வளைவு ஆரத்தைச் சுருக்க வேண்டும். 12 மீட்டர் ஆரம் இருந்தால் வண்டி வேகத்தைக் குறைக்காமலே திரும்பும், 5 மீட்டர் இருந்தால் குறைத்தே ஆக வேண்டும். வாயிலுக்கு இரு பக்கமும் 10 மீட்டருக்கு வண்டி நிறுத்தவோ, போர்டு வைக்கவோ விடக் கூடாது. ஒரு திசைப் பாதைக்கு 2 மீட்டர், இரு திசைக்கு 3 மீட்டர். அதில் கம்பமோ டிரான்ஸ்ஃபார்மரோ நின்றால் அந்த அகலம் கணக்கில் வராது.

பேவர் பிளாக் போடாதீர்கள். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை மண் கொட்டி அப்படியே மூடி, அதன்மேல் பேவர் அடுக்கினால் முதல் மழையிலேயே அலை அலையாக அமிழும். காருக்கு அது தெரியாது, சைக்கிளின் கையைப் பிடுங்கும். பள்ளத்தை 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்துத்தான் மூட வேண்டும். அதன்மேல் கான்கிரீட், துடைப்பத்தால் குறுக்காக வரி போட்ட மேற்பரப்பு. வடிகால் கம்பி மூடி சக்கரத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும், இணையாக இருந்தால் டயர் உள்ளே இறங்கிவிடும்.

வேலை வரிசை இதைவிட முக்கியம். முதலில் பாதாளச் சாக்கடை, பிறகு குடிநீர்க் குழாய், பிறகு கேபிள், கடைசியாகத்தான் தளம். ஒவ்வொரு சந்திப்பிலும் குறுக்கே இரண்டு காலிக் குழாய்களைப் புதைத்துவிட்டால், நாளை கேபிள் வரும்போது ரோட்டை வெட்ட வேண்டியதில்லை. மின்கம்பம் மாற்றப் பணம் கட்டுவதை டெண்டருக்கு முன்பே தொடங்குங்கள். கம்பம் நகராததால் பாதை அதைச் சுற்றி வளைந்து போவதை எத்தனையோ ஊரில் பார்க்கலாம். விளக்கும் அப்படித்தான்: மீடியனில் மட்டும் வைத்தால் மரநிழலில் சைக்கிள் பாதை இருட்டாகவே கிடக்கும். அதே ஓரத்தில் 4, 5 மீட்டர் உயரத்தில் தனி விளக்கு வேண்டும்.


பாலக்கோடு_கேட்:

டேப் சார் சொன்ன வரிசை ரயில்வே கேட்டுக்கும் பொருந்தும். சேலம்–பெங்களூரு லைன்ல ஒரு கேட்டை மூடிட்டு சப்வே கட்டினாங்க. மழை விட்டு ரெண்டாவது நாளும் உள்ள முழங்கால் தண்ணி. பால்காரர் சைக்கிளைக் கரையிலயே சாய்ச்சுட்டு, கேனை ஒவ்வொண்ணா தூக்கித் தண்டவாளத்தைத் தாண்டி வச்சுட்டு, கடைசியா சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கடந்தார். ஹாரன் சத்தம் கேட்டதும் நாலு பேர் கத்துனாங்க.

தண்ணி ஏன் நிக்குதுன்னா, சப்வே தரை பக்கத்து ஓடையை விடக் கீழே. தானா வடியவே வழியில்ல. மோட்டாரை நம்பணும், மழையில கரன்ட்டும் போயிடும். கட்டும்போதே ரெண்டு வாயிலயும் 30 செ.மீ. மேடு வச்சா வெளித்தண்ணி உள்ள வராது, சரிவுப்பாதைக்கு மேல கூரை போட்டா மழை நேரா விழாது. சேறு அள்ளுற மாதிரி பெரிய தொட்டியும் டீசல் பம்ப்பும் வேணும். சரிவு 30 மீட்டருக்கு 1 மீட்டர் இருந்தா பாரம் ஏத்துன சைக்கிள் மிதிச்சே ஏறிடும்.

உயரமும் பாருங்க. டவுன் பஸ் 3 மீட்டருக்கு மேல. சப்வேயை 2.5 மீட்டர்ல கட்டினா பஸ் இந்தப் பக்கமே திரும்பிடும், அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க நடக்கணும்.

பெங்களூரு மெட்ரோவை ஓசூர் வரைக்கும் நீட்டுறதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எல்லாரும் 750 வோல்ட்டா 25 ஆயிரம் வோல்ட்டான்னு சண்டை போடுறீங்க. 2025 ஆகஸ்ட்ல பெங்களூரு மெட்ரோவோட மஞ்சள் லைன் ஓசூர் ரோட்டுல இருக்கிற பொம்மசந்திரா வரைக்கும் வந்தாச்சு, அது தண்டவாளத்துக்குப் பக்கத்துலருந்து 750 வோல்ட் டி.சி. எடுக்குது. தமிழ்நாட்டுப் பக்கம் கேட்டது மேல்கம்பியில 25 ஆயிரம் வோல்ட் ஏ.சி. ஒரே ரயில் ரெண்டுலயும் நேரா ஓடாது, நியாயமான கேள்விதான். ஆனா வண்டி மாறினாலும் பரவாயில்ல, பொம்மசந்திராவுக்கு ஓசூர்லருந்து அடிக்கடி பஸ் வேணும், ஸ்டேஷன்ல சைக்கிள் பூட்டக் கம்பி வேணும். அதுக்கு வோல்ட் தேவையில்ல.


மனைப்பிரிவு_வரைபடம்:

எல்லாரும் மெயின் ரோட்டையே பேசுறீங்க. சைக்கிள் ஏன் மெயின் ரோட்டுக்கு வருதுன்னு பாருங்க. மத்திகிரிப் பக்கம் ரெண்டு லேஅவுட் முதுகோடு முதுகு ஒட்டி இருக்கு, நடுவுல ஹாலோ பிளாக் சுவர். இடுப்பு உயரத்துல மூணு கல்லை எடுத்து ஓட்டை போட்டிருக்காங்க. ஒரு பையன் சைக்கிளோட முன்சக்கரத்தை ஓட்டைக்குள்ள விடுறான், அந்தப் பக்கம் இன்னொரு பையன் இழுத்துக்கிறான். பெடல் மாட்டிக்கிட்டா ரெண்டு பேரும் சேர்ந்து திருகுறாங்க. சுவர் இல்லேன்னா பள்ளிக்கூடம் 400 மீட்டர். சுத்திப் போனா ஹைவே வழியா ரெண்டு கிலோமீட்டர்.

ஒவ்வொரு லேஅவுட்டும் தனித்தனியா ஒப்புதல் வாங்குது. ரோடு எல்லையில முட்டி நிக்கும். சில இடத்துல கடைசி ஒரு அடியை விக்காம வச்சுக்கிறாங்க, பக்கத்து நிலத்துக்காரர் இணைச்சுடக் கூடாதுன்னு. ஒப்புதல் முடிஞ்ச பிறகு எதுவும் பண்றது கஷ்டம். அதனால வரைபடம் பரிசீலனையில இருக்கும்போதே கேக்கணும்: முட்டுச்சந்து எல்லாம் எல்லைக் கல் வரைக்கும் போகணும், அந்த இடம் தானப்பத்திரத்துல உள்ளாட்சிக்கு வந்திருக்கணும். கார் போக வழி தர மாட்டேன்னா 3 மீட்டர் நடைவழியாவது வேணும். அதுல கம்பம் நட்டா நடுவுல 1.2 மீட்டர் விடுங்க, சக்கர நாற்காலியும் பால் சைக்கிளும் நுழையும், கார் நுழையாது.


சிப்காட்_ஷிப்ட்:

டேப் சார், இரு திசைப் பாதை பத்தி நீங்க சொன்னது சரி. கிளைச் சாலை இல்லாத கல்வெர்ட் பகுதிக்கு மட்டும் இரு திசை, அதுக்கு ரெண்டு பக்கமும் நீங்க சொன்ன மேடைன்னு வச்சா ஒத்து வருதா பாருங்க. பாலத்துக்குக் கைப்பிடி 1.4 மீட்டர் வேணும், நடக்கிறவங்களுக்கான 1.1 மீட்டர் சைக்கிள் மேல உக்காந்திருக்கிறவங்க இடுப்புக்குத்தான் வரும்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு கொடுக்கிறவங்க, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் ஒரு நகல் போடுங்க. கல்வெர்ட் எத்தனையாவது கிலோமீட்டர் கல் பக்கத்துல இருக்குன்னும், கைப்பிடிச் சுவர்லருந்து வெள்ளைக் கோடு வரைக்கும் டேப் பிடிச்ச போட்டோவும் கட்டாயம் வைங்க.