ஹொமொலகேஷன்: அங்கீகாரம் போதாது

குழுவினருக்கு வணக்கம்.

மோட்டார்த் தொழில்நுட்ப மாணவர்களுக்கான கைநூலில் ராலிப் பந்தயப் பகுதிக்கு வந்துவிட்டோம். ‘ஹொமொலகேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதுவரை வந்த தமிழ்ச் சொற்கள் அங்கீகாரம், ஒப்புதல், தரச்சான்று. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. அங்கீகாரம் பாடசாலைக்கும் கிடைக்கும், கட்சிக்கும் கிடைக்கும். தரச்சான்று என்றால் வண்டி நல்லது என்று யாரோ சொன்னதாகிவிடும். இங்கே நல்லது கெட்டது என்ற பேச்சே இல்லை.

நடப்பது வேறு. கார் நிறுவனம் தன் மாதிரி (மொடல்) ஒன்றை, உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பின் சோதனைக்கு முன்வைக்கிறது. அளவு, எடை, பாகங்களின் படம் எல்லாம் ஒரு படிவத்தில் ஏறுகின்றன. பந்தயம் முடிந்ததும் பரிசோதகர் கழற்றிய பாகத்தைப் படிவத்தோடு ஒத்துப் பார்க்கிறார். படிவத்தில் உள்ளதைவிட உங்கள் பற்சக்கரம் உறுதியானது, மலிவானது என்றாலும் அது குற்றம்தான்.

மட்டக்களப்புக் கல்லடியில் கராஜ் வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது இந்த இடம். எஞ்சினைத் திறந்து, கையால் தேய்த்து, அரைக் குதிரைவலு கூட்டுகிறவர்களை டியூனர் என்கிறோம். (இதற்கு ‘முடுக்குநர்’ என்று எழுதியிருக்கிறேன். ஆணியை முடுக்குவதும் அவர்தான், வண்டியை முடுக்குவதும் அவர்தான். ‘திருத்துநர்’ பழுது பார்ப்பவர், அவர் வேறு.) விதி மாறும்போதெல்லாம் இவர்களுடைய பிழைப்பும் மாறியிருக்கிறது. 1982இல் தொடங்கிய குரூப் பி என்ற பந்தயப் பிரிவில் ஒரு மாதிரியைச் சேர்க்க 200 கார் கட்டினால் போதும். மேம்படுத்திய வடிவத்துக்கு இன்னும் 20. குரூப் ஏ என்ற பிரிவுக்கு ஓராண்டில் 5,000. பின்னர் அது 2,500 ஆகக் குறைந்தது. 1986இல் கோர்சிகா ராலியில் ஓட்டுநர் ஹென்றி தொய்வொனனும் அவருடைய துணையோட்டி செர்ஜியோ கிரெஸ்தோவும் இறந்தபின் குரூப் பி கைவிடப்பட்டது. அடுத்த பத்தாண்டு குரூப் ஏ-யின் காலம். அத்தனை ஆயிரம் காரைக் கடையில் விற்றாக வேண்டும் என்பதால்தான் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போவும் நான்கு சக்கர இழுவையும் உள்ள லான்சர் எவலூஷன் போன்ற கார்கள் சாதாரண மனிதன் வாங்கக்கூடியவையாக வந்தன. முடுக்குநருக்கு அது பொற்காலம். நிறுவனத்தின் கதவைத் தட்டாமலே நல்ல அடித்தளம் கைக்கு வந்தது.

1997இல் வேர்ல்ட் ராலி கார் விதி வந்தது. டர்போவும் நான்கு சக்கர இழுவையும் கடையில் விற்கும் காரில் இருக்க வேண்டியதில்லை, பந்தயக் காரில் பொருத்திக்கொள்ளலாம் என்றாயிற்று. நிறுவனங்களுக்குப் பெருஞ்செலவு மிச்சம். தனியாருக்கோ, வெல்லும் காரைக் கடையில் வாங்கும் வழி அடைபட்டது. தனியாரும் வாங்கி ஓட்டும் இன்றைய ராலி 2 வகைக் காருக்கு விலை உச்சவரம்பு உண்டு, நல்லதுதான். ஆனால் பாகங்கள் படிவத்தில் உறைந்தவை. இடையில் மாற்றம் செய்ய ‘ஜோக்கர்’ என்று எண்ணி வைத்த வாய்ப்புகள் உண்டு. அவை காரைக் கட்டிய நிறுவனத்துக்குத்தான். முடுக்குநர் எதைக் கண்டுபிடித்தாலும் வண்டியில் பூட்ட முடியாது. நிறுவனத்தின் பாகத்தை நிறுவனத்தின் விலைக்கு வாங்கிப் பூட்டுவதோடு அவர் வேலை முடிகிறது.

ஆகவே சொல்லில் இரண்டு பொருள் தெரிய வேண்டும்: மாதிரி, அதன் பதிவு. என் முன்மொழிவு ‘வகைப்பதிவு’.

கூடவே ரெஸ்ட்ரிக்டருக்குக் ‘காற்றுத்தடை’ என்று வந்திருப்பதை மாற்ற வேண்டும். தடை என்றால் காற்றே போகாது. இது டர்போவின் வாயில் வைக்கும் வளையம். ராலி 2இல் துளை 32 மில்லிமீற்றர். அந்தத் துளைக்குள் போகும் காற்றுக்கு மேல் எஞ்சினுக்கு வலு இல்லை. ‘குறுக்கி’ போதும். 1995இல் டொயோட்டா கற்றலோனியா ராலியில் பிடிபட்டது இதில்தான். அப்போது துளை 34 மில்லிமீற்றர். குழாயை இறுக்கிப் பூட்டும்போது உள்ளிருக்கும் வில் குறுக்கியை டர்போவிலிருந்து சற்றே தள்ளிவைக்கும். அந்த இடைவெளியால் கூடுதல் காற்று நுழையும். பரிசோதகர் கழற்றினால் வில் தளர்ந்து குறுக்கி தன் இடத்துக்கு வந்துவிடும், அளந்தால் சரியாக இருக்கும். டொயோட்டாவுக்கு அந்த ஆண்டின் புள்ளிகளும் போயின, ஓராண்டுத் தடையும் கிடைத்தது. வேலை செய்தவன் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை.

கல்லடியிலிருந்து

—

தம்பி,

குறுக்கிக்கு என் சம்மதம். வகைப்பதிவுக்கு இல்லை. இங்கே அக்கரைப்பற்றில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். வாகனப் பதிவுப் புத்தகமும் நம்பர் தகடும்தான் நினைவுக்கு வரும். வாகனப் பதிவு தனித்தனி வண்டிக்கு. நீங்கள் சொல்வது மாதிரிக்கு. மாணவன் குழம்புவான். போதாததற்கு ‘வகைப்படுத்தல்’ என்று பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

நான், நிலத்துக்கான ஆவணமாகிய காணி உறுதியை எழுதும் நொத்தாரிசு அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள். நீங்கள் விவரிக்கும் படிவம் எனக்கு அப்படியே காணி உறுதி போலத் தெரிகிறது. நான்கு எல்லையும் எழுதியிருக்கும். எழுதியதற்கு வெளியே ஓர் அடி தள்ளி வேலி போட்டால் வழக்கு. குத்தகைக்குச் செய்பவன் உழலாம், விதைக்கலாம். எல்லையை மாற்றும் உரிமை உறுதி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். உங்கள் முடுக்குநர் குத்தகைக்காரர். ஆகவே ‘மாதிரியுறுதி’ என்று வைத்துப் பாருங்கள்.

—

அக்கா,

மாதிரியுறுதி சரியாகப் பொருந்துகிறது, எடுத்துக்கொள்கிறேன். வினைக்கும் தனியாக அலைய வேண்டியதில்லை: ‘உறுதி முடித்த கார்’, ‘உறுதி முடிக்காத பாகம்’. அங்கீகாரத்தில் ‘அங்கீகரிக்கப்படாத உதிரிப்பாகம்’ என்று வாய் நிறைய நீட்ட வேண்டியிருந்தது. அதோடு அது போலிப் பொருள் என்று கேட்கும். உறுதி முடிக்காத பாகம் நல்ல பாகமாகவும் இருக்கலாம்.

சென்னை நண்பர் தனிமடலில் ஒரு தடை சொன்னார். அவர்கள் ஊரில் காணி ஆவணம் ‘பத்திரம்’. உறுதி என்றால் திடம், நிச்சயம் மட்டும்தானாம். இருக்கட்டும். 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். கிழக்கிலிருந்து இன்னும் ஒரு சொல் அங்கே போனால் என்ன? தவிர, நாம் எழுதுவது இங்கே அழுத்தத்தை ‘அமுக்கம்’ என்றும் முடுக்கத்தை ‘ஆர்முடுகல்’ என்றும் படிக்கிற இலங்கைப் பிள்ளைகளுக்கு. அவர்களுக்குக் காணி உறுதி வீட்டு அலுமாரியில் இருக்கிற பொருள்.

புதுச் சொல் எப்படி ஓடுகிறது என்று பார்க்க, உலக ராலிப் போட்டியின் 2027 விதிகள் பற்றிய பத்தியைத் திருத்தி எழுதினேன்: “காரின் விலை 345,000 யூரோவுக்கு மேற்படக்கூடாது. பெருநிறுவனங்கள் மட்டுமன்றி, தனி முடுக்குநர்களும் கார் கட்டித் தம் பெயரிலேயே மாதிரியுறுதி முடிக்கலாம்.” பழைய வரைவில் இந்த இரண்டாம் வாக்கியம் ‘முடுக்குநர்களுக்கும் அங்கீகாரம் வழங்கப்படும்’ என்று இருந்தது. யாரோ அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியதுபோல.

அந்த விலையும் நம்மூர்க் கராஜுக்கு எட்டாது என்பது வேறு விடயம்.

‘ஜோக்கர்’ சீட்டாட்டத்திலேயே எல்லோருக்கும் தெரிந்த சொல். அதைத் தொட வேண்டாம் என்று நினைக்கிறேன். முடுக்குநர், குறுக்கி இரண்டுக்கும் மறுப்புள்ளவர்கள் கைநூல் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.