கோண்டரில் வரட்டி, கல்லலில் கரையான்

பணி ஓய்வுக்கு முன் 6 வருஷம் எத்தியோப்பியாவில், கோண்டர் நகரத்தில் வாத்தியாராக இருந்தேன். குடியிருந்த வீட்டுக்காரரிடம் இரண்டு பசு, ஒரு கோவேறு கழுதை. அந்த ஊரில் அதற்கு மரியாதையே தனி. கழுதை மூட்டை தூக்கும். கோவேறு கழுதை மேல் பெரிய மனிதர்கள் ஏறிப் போவார்கள்.

வீட்டுக்கார அம்மா காலையில் பசுஞ்சாணியைத் துளி விடாமல் வழித்து வரட்டி தட்டிவிடுவார். குபெத் என்பார்கள். விறகுக்குத் தட்டுப்பாடு, அடுப்பு எரிய வேண்டுமே. கோவேறு கழுதையின் லத்தியை மட்டும் விளக்குமாற்றால் கொல்லைக்குத் தள்ளுவார். ஏன் என்று கேட்டேன். காய்ந்த உருண்டை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நசுக்கிக் காட்டினார். தவிடு மாதிரி உதிர்ந்தது. முழுக்க நார், பிடிமானம் கிடையாது. ஆக, வயலுக்குப் போகவேண்டிய சாணி அடுப்புக்கு. அடுப்பு வேண்டாம் என்றது மண்ணுக்கு. தெல்லா என்ற வீட்டு பீருக்குப் போடும் கெஷோ செடி அந்தக் கொல்லையில் தளதளவென்று நின்றது. அவர்களுடைய வயலோ சோகை பிடித்துக் கிடந்தது.

ஊருக்கு வந்ததும் சிவகங்கை மாவட்டத்துக் கல்லல் பக்கத்து எங்கள் செம்மண் தோட்டத்திலும் லத்தியை எருவாகப் போட்டுப் பார்க்க ஆசை. இங்கே கோவேறு கழுதைக்கு எங்கே போவது? அய்யனார் கோயில் குதிரைகள் லத்தி போடாது. பந்தயக் குதிரை வளர்க்கிற ஒருவரைப் பிடித்தேன். கோவேறு கழுதைக்குத் தாய் குதிரைதானே, தகப்பன்தான் கழுதை. சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கழுதை விட்டையானாலும் கை நிறைய வேண்டும் என்று 10 மூட்டை அள்ளிவந்து, 6 மூட்டையைப் பச்சையாகவே தென்னம்பிள்ளைகளைச் சுற்றிக் கொட்டினேன்.

பத்து நாளில் வட்டம் வட்டமாகக் கொள்ளு முளைத்தது! மாடு அசைபோட்டு நாலு அறை வயிற்றில் அரைத்துத் தள்ளும். குதிரைக்கு அசைபோடும் வேலை இல்லை, தின்ற விதையில் கொஞ்சம் முழுசாகவே வெளியே வந்துவிடும். அதுகூடப் பரவாயில்லை, பிடுங்கி மூடாக்காகப் போட்டுவிட்டேன். அப்புறம் வந்தது கரையான். கோண்டர் சுமார் 7,000 அடி உயரம், குளிர். நான் இருந்த வீட்டில் கரையானையே பார்த்ததில்லை. நம் வெயிலில் காய்ந்த நார் அதற்கு விருந்து. இரண்டு தென்னம்பிள்ளை போச்சு.

வேலைக்கு வருகிறவர் வேரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆட்டுக்கிடை போட்டிருந்தா இந்த வம்பே இல்லையேண்ணே. ஆட்டெரு அந்த வருசம், மாட்டெரு மறு வருசம்னு சொல்லுவாக. குதிரை எருவுக்கு யாருண்ணே சொலவடை சொல்லி வச்சிருக்கா?"

இதைப் படித்துவிட்டு தேவகோட்டையிலிருந்து ஒருவர்:
அண்ணே, ராணுவத்தில் சுமை விலங்குப் பிரிவில் இருந்தவன் நான். இமயமலையில் கோவேறு கழுதைகளோடுதான் பாதி வாழ்க்கை. லாயத்து லத்தி, மூத்திரம் ஊறிய வைக்கோல் எல்லாம் ஒரே குழிக்குப் போகும். சுற்றிலும் பனி கிடக்கும், குழியிலிருந்து மட்டும் ஆவி வரும். கடப்பாரையைச் செருகிக் கொஞ்ச நேரம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாது. அந்தச் சூட்டில்தான் விதை சாகும். நீங்கள் அந்தச் சூட்டைத் தென்னை வேரிலேயே வைத்திருக்கிறீர்கள்! குவியலாகப் போட்டு, சாணிப்பால் தெளித்து, கீற்றால் மூடுங்கள். நம் வெயிலில் மூடாவிட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கில் சுள்ளென்று ஏறுகிறதே, அதுதான். மாதம் இரண்டு தடவை புரட்டி, நாலு மாதம் விடுங்கள்.

காரைக்குடியிலிருந்து இன்னொருவர்:
நான் நர்ஸ். குதிரை, கழுதை லத்தியில் ரண ஜன்னி (டெட்டனஸ்) கிருமி இருக்கும். காலில் முள் குத்திய புண்ணோடு மிதிக்காதீர்கள். ஊசி போட்டு 10 வருஷம் ஆகியிருந்தால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே.

மறுபடியும் நான்:
ஊசி போட்டாச்சு தங்கச்சி. மிச்சம் 4 மூட்டையை வேப்பமரத்தடியில் குவித்து, கண்மாய் வண்டலும் இரண்டு கூடை கலந்து மூடியிருக்கிறேன். இன்றைக்கு ஆறாம் நாள். கடப்பாரை கையைச் சுட்டது.