பாங்காக் ஆற்றில் சொகுசுக் கப்பல்: வரலாறு தெரியுமா, விளக்கு மட்டும்தானா?

அம்மாபேட்டைக்காரன்

எல்லாருக்கும் வணக்கங்க. அப்பா உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியில் அவரையும் அம்மாவையும் பாங்காக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். அஞ்சு ரோடு பக்கம் ஒரு டிராவல்ஸில் விசாரித்தால், சாவ் பிரயா ஆற்றில் சொகுசுக் கப்பல், சாப்பாடு, பாட்டு, தலைநகரத்தின் வரலாறு முழுக்க அதிலேயே பார்த்துவிடலாம் என்று அடித்துச் சொல்கிறார்கள். ராத்திரி ஏழரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குத் திரும்புகிற கப்பலில் என்ன வரலாறு கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் என் சந்தேகம். அப்பா எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமியை விட்டுவிட்டுக் கல்வெட்டு முன்னால் நின்றுவிடுகிற ஆள். அம்மாவுக்கு முட்டி வலி, அதோடு சுத்த சைவம். போய் வந்தவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஏற்காட்டு மிளகு

தம்பி, சந்தேகம் சரியானதுதான். அந்த விருந்துக் கப்பல்கள் ஐகான்சியாம், ஏசியாட்டிக் மாதிரி இடங்களில் கிளம்பி, வடக்கே எட்டாம் ராமா பாலம் வரை போய்த் திரும்பும். வாட் அருண் கோயில், அரண்மனை எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் மின்னும், அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எல்லாம் மூடியிருக்கும், கப்பலும் நிற்காது, போதாக்குறைக்குப் பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது.

அப்பாவைப் பகலில் ஆற்றில் கூட்டிப் போங்கள். அவருக்குச் சொல்ல ஒரு விஷயம்: அரண்மனைக்கும் வாட் அருணுக்கும் நடுவே அவ்வளவு அகலமாக ஓடுகிற அந்த ஆறு மனிதன் வெட்டியது. பழைய ஆறு மேற்கே பெரிய வளையமாகச் சுற்றிப் போயிருக்கிறது. அப்போதைய தலைநகரமான அயுத்தயாவுக்குப் போகிற கப்பல்களுக்கு அந்தச் சுற்று மிச்சமாகட்டும் என்று 16-ஆம் நூற்றாண்டில் வளையத்தின் கழுத்தில் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டினார்கள், தண்ணீர் நேர் வழியைப் பிடித்துக்கொண்டு கரையை அரித்து அரித்து, கடைசியில் வாய்க்காலே ஆறாகிவிட்டது. பழைய ஆறு பாங்காக் நொய், பாங்காக் யாய் என்று கால்வாய்களாகச் சுருங்கிக் கிடக்கிறது. நீள்வால் படகு வாடகைக்கு எடுத்தால் அதற்குள்ளேயே போய் வரலாம். என்னைக் கேட்டால் காசைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டு கரையும் இரண்டு தலைநகரம் என்பதையும் அவர் ரசிப்பார். 1767-ல் பர்மியர்கள் அயுத்தயாவை அழித்த பிறகு தக்சின் மன்னர் மேற்குக் கரையில் தோன்புரியைத் தலைநகரமாக்கினார். 1782-ல் முதலாம் ராமா மன்னர் அதை எதிர்க்கரைக்கு மாற்றினார். பர்மாக்காரன் மேற்கேயிருந்துதானே வருவான், நடுவில் ஆறு இருக்கட்டும் என்ற கணக்கு. அங்கே ஏற்கெனவே குடியிருந்த சீனர்களைத் தெற்கே நகர்த்தினார்கள், இன்றைய சைனாடவுன் அப்படி வந்ததுதான்.

செவ்வாய்பேட்டை ஜவுளி

மிளகு அண்ணன் சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீள்வால் படகுக்காரர்கள் ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள், ஏறும் முன் பேரம் முடித்துவிடுங்கள். நான் துணி வாங்கப் போகும்போதெல்லாம் சாத்தோன் துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில்தான் ஏறுவேன். கடைசியாகப் போனபோது எங்கே இறங்கினாலும் 16 பாட். ஓரியண்டல் ஹோட்டல், அப்புறம் தக்சின் மன்னர் போர்த்துகீசியர்களுக்குக் கொடுத்த நிலத்தில் நிற்கிற சாந்தா குரூஸ் தேவாலயம், 1932-ல் திறந்த நினைவுப் பாலம், வாட் அருண், எல்லாமே வழியில் வந்துவிடும். சொகுசுக் கப்பல் போகிறதும் இதே தண்ணீரில்தான் சாமி.

நினைவுப் பாலத்துப் பக்கம் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பாஹுரத், நம்ம ஊர்க்காரர்கள், சீக்கியர்கள் ஜவுளிக்கடை வைத்திருக்கிற இடம். அம்மாவுக்குச் சப்பாத்தி, பருப்பு தாராளமாகக் கிடைக்கும்.

அஸ்தம்பட்டி அக்கா

முட்டி வலிக்காரரை ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏற்றச் சொல்கிறீர்களே ஜவுளி, நியாயமா? அது துறையில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும், விசிலடித்தால் குதித்து ஏற வேண்டும், கூட்ட நேரத்தில் நின்றுகொண்டே வர வேண்டும். தம்பி, நீலக் கொடி கட்டிய சுற்றுலாப் படகு பாருங்கள். விலை கூடத்தான், ஆனால் உட்கார இடம் இருக்கும், நாள் முழுக்க ஏறி இறங்க ஒரே சீட்டு எடுக்கலாம். வாட் அருணில் கோபுரப் படிகள் செங்குத்து, அம்மா கீழேயே நின்று அந்தப் பீங்கான் பூ வேலையைப் பார்த்தால் போதும். சீனக் கப்பல்களில் பாரத்துக்குப் போட்டு வந்த பீங்கான் உடைசலை வைத்து இழைத்திருக்கிறார்கள்.

சொகுசுதான் வேண்டும் என்றால், அரிசி ஏற்றிய பழைய தேக்குப் படகுகளை அறை, குளியலறை எல்லாம் வைத்துச் சீரமைத்து அயுத்தயா வரை இரவு தங்கிக் கூட்டிப் போகிறார்கள். விலை தலை சுற்றும். அதற்குப் பதில், போக பஸ், வர படகு, நடுவில் மதியச் சாப்பாடு என்று ஒருநாள் பயணமும் உண்டு. 1350 முதல் நானூறு வருஷத்துக்கு மேல் தலைநகரமாக இருந்த ஊர், உங்கள் அப்பா அங்கேயிருந்து கிளம்ப மாட்டார். சாப்பாட்டில் மீன் சாஸ் எதிலும் இருக்கும், 'ஜே' என்று கேளுங்கள், வெங்காயம் பூண்டு கூட இல்லாத சைவம்.

அம்மாபேட்டைக்காரன்

ரொம்ப நன்றிங்க. அப்பாவிடம் வாய்க்கால் கதையைச் சொன்னேன், அப்போதே வரைபடத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா கேட்பது ஒன்றே ஒன்று, அங்கே நம்ம மாரியம்மன் கோயில் இருக்கிறதாமே?

ஏற்காட்டு மிளகு

இருக்கிறது, சீலோம் சாலையில். 19-ஆம் நூற்றாண்டில் நம் தமிழ் ஆட்கள் கட்டியது, சாத்தோன் துறையிலிருந்து டாக்ஸியில் சீக்கிரம் போய்விடலாம். தாய்லாந்துக்காரர்களே பூமாலையோடு வரிசையில் நிற்பார்கள். அப்பாவுக்கு இன்னொன்று: 1784-ல் முதலில் நட்டு வைத்த பெரிய ஊஞ்சல் ஒன்று ஊருக்குள் இருக்கிறது, ஊஞ்சலாட்டத்தை 1935-ல் நிறுத்திவிட்டார்கள். அதைச் சேர்ந்த சடங்கில் அரண்மனைப் பிராமணர்கள் இன்றைக்கும் திருவெம்பாவை ஓதுகிறார்கள், நமக்கு மார்கழி முடிகிற சமயத்தை ஒட்டித்தான் வரும். உச்சரிப்பு வேறு மாதிரி மாறிவிட்டது.

அஸ்தம்பட்டி அக்கா

அரண்மனைக்கு மதியம் மூன்றரையோடு சீட்டு கிடையாது, காலையிலேயே போங்கள். முட்டிக்கு மேல் உடுப்பு, கையில்லாத சட்டை விடமாட்டார்கள், அம்மாவின் சேலைக்குப் பிரச்சினையில்லை. வெளியே ஆட்டோக்காரர் யாராவது 'இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்' என்றால் நகைக்கடைக்குத்தான் கூட்டிப் போவார். காதில் வாங்காமல் நேராக வாசலுக்கு நடங்கள்.